வாயு என்று இருந்துவிடாதீர்கள்!

அம்பத்தூரில் எங்கள் வீட்டில் நடந்தது இது. தம்பி மகனுக்கு 19 வயது. ஒல்லி, நல்ல உயரம். "அத்தை, நெஞ்சு குத்துது, மூச்சு விட முடியல" என்றான். "வாயுடா!" என்று ஓமத் தண்ணீர் கொடுத்தேன். மூச்சிரைப்பு கூடவே, ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். எக்ஸ்ரேயில் வலது நுரையீரல் சுருங்கிக் கிடந்தது!

நுரையீரலைச் சுற்றி இரண்டு மெல்லிய உறைகள் உண்டு. நுரையீரலில் பொத்தல் விழுந்தால், காற்று கசிந்து உறைகளின் நடுவே சேரும், நுரையீரல் சுருங்கும், ரத்தத்தில் பிராணவாயு குறையும். ஒல்லியான, உயரமான இளைஞர்களுக்குத் திடீரென வரலாம். சிகரெட், காசநோய், விபத்தும் காரணங்கள்.

காற்று கொஞ்சமென்றால் தானே வற்றிவிடும். இவனுக்கு விலா இடுக்கில் குழாய் செருகி, மறுமுனையைப் பாட்டில் தண்ணீரில் அமிழ்த்தினார்கள். குமிழிகள் நின்று நுரையீரல் விரிந்த பிறகுதான் எனக்கு உயிர் வந்தது.

திரும்ப வரக்கூடுமாம். அதனால் சிகரெட் அறவே கூடாது. டாக்டர் சொல்லும்வரை விமானப் பயணமும் கூடாது. மூச்சு முட்டி உதடு நீலமானால் கைவைத்தியம் வேண்டாம், சகோதரிகளே. உடனே 108-ஐ அழையுங்கள்!