ஹேக்கர்களிடையே ஒரு மானுடவியலாளர்: தொழில்நுட்பப் பயன்பாடு ஆய்வுத்துறையான கதை

கனடாவின் மொன்றியல் நகரில், டவுன்டவுன் என்று அழைக்கப்படும் மையப் பகுதியில், ஷெர்ப்ரூக் வீதியை ஒட்டி மெக்கில் பல்கலைக்கழகம் அமைந்துள்ளது. அங்கு அறிவியல், தொழில்நுட்ப எழுத்தறிவுக்கென ஏற்படுத்தப்பட்ட வுல்ஃப் பேராசிரியர் பதவியை 2012ஆம் ஆண்டில் ஏற்றவர் பொறியியலாளர் அல்லர். கேப்ரியெல்லா கோல்மன் என்ற மானுடவியலாளரே அவர்.

சிகாகோ பல்கலைக்கழகத்தில் முனைவர் பட்டத்துக்காகச் சேர்ந்தபோது, தென் அமெரிக்க நாடான கயானாவில் சமய நம்பிக்கை சார்ந்த குணப்படுத்தும் முறைகளை ஆராயவே அவர் எண்ணியிருந்தார். ஆனால் மென்பொருளை எவரும் பார்க்கவும் திருத்தவும் பகிரவும் உரிமை வேண்டும் என்று வலியுறுத்தும் கட்டற்ற மென்பொருள் இயக்கம் அவரது கவனத்தைத் திருப்பியது. பதிப்புரிமைச் சட்டத்தைக் கொண்டே அந்தச் சுதந்திரத்துக்குப் பாதுகாப்புத் தேடியவர்களின் அறநெறி என்ன என்பதே அவரது ஆய்வுக் கேள்வியானது.

மானுடவியல் மாணவர்கள் தொலைதூரக் கிராமங்களுக்குச் சென்று தங்குவதே அதுவரை பெருவழக்காக இருந்தது. கோல்மனோ சான் பிரான்சிஸ்கோவில் நிரலாளர்களிடையே கள ஆய்வு நடத்தினார். 1993ல் தொடங்கப்பட்ட டெபியன் திட்டத்தை அவர் நெருங்கிக் கவனித்தார். அதில் புதிதாகச் சேர விரும்புவோர் தொழில்நுட்பத் திறனை நிரூபித்தால் மட்டும் போதாது. திட்டத்தின் கொள்கைகள் குறித்த கேள்விகளுக்கும் விடையளிக்க வேண்டும். இயந்திரம் சார்ந்ததாகத் தோன்றும் ஓர் உலகம் சடங்குகளாலும் நம்பிக்கையாலும் கட்டப்பட்டிருப்பதை இது காட்டியது. 2005ல் முனைவர் பட்டம் பெற்ற அவரது ஆய்வு, 2012ல் நூலாக வெளிவந்தது.

பின்னர் அவர் ஆராய்ந்த அனானிமஸ் என்ற முகமற்ற குழு, இத்துறையின் ஆபத்தான பக்கத்தை வெளிப்படுத்தியது. அக்குழுவில் முக்கியமானவரும் கோல்மன் நேரில் சந்தித்தவருமான 'சாபு', அமெரிக்கப் புலனாய்வு அமைப்பான எஃப்பிஐக்குத் தகவல் அளித்துவந்தவர் என்பது 2012 மார்ச்சில் அம்பலமானது. ஆய்வாளரை நம்பிப் பேசுவோரை அரசின் கண்காணிப்பிலிருந்து எவ்வளவு தூரம் பாதுகாக்க முடியும் என்ற கேள்வி இதனால் கூர்மையடைந்தது.

இத்தகைய ஆய்வின் பயன் என்ன? ஜெராக்ஸ் நிறுவனத்தின் கலிஃபோர்னிய ஆய்வு மையத்தில் பணியாற்றிய மானுடவியலாளர் லூசி சச்மன், நகலெடுக்கும் இயந்திரத்தை இயக்க மக்கள் படும் பாட்டைக் காணொளியில் பதிவு செய்தார். தேர்ந்த கணினி விஞ்ஞானிகளும் அதில் திணறினர். மனிதர்கள் வகுத்த திட்டத்தின்படி அப்படியே நடப்பவர்கள் அல்லர், அந்தந்தச் சூழலுக்கு ஏற்பவே செயல்படுகிறார்கள் என்று 1987ல் வெளியான நூலில் அவர் வாதிட்டார். குறை பயனரிடம் இருக்கிறதா, வடிவமைப்பில் இருக்கிறதா என்ற பார்வையையே அது மாற்றியது.

தமிழகமும் இந்த ஆய்வுகளுக்குக் களமாகியுள்ளது. லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியின் பன்னாட்டு ஆய்வுத் திட்டம் ஒன்றில் பங்கேற்ற ஸ்ரீராம் வெங்கட்ராமன், சென்னை அருகே தகவல் தொழில்நுட்பப் பூங்காவும் கிராமங்களும் அடுத்தடுத்து அமைந்த பகுதியில் சுமார் 15 மாதங்கள் தங்கி ஆராய்ந்தார். மக்களின் அடையாளத்தைக் காக்க, அப்பகுதிக்கு 'பஞ்சகிராமி' என்று புனைபெயர் இட்டார். 2017ல் வெளியான அவரது நூல், சமூக ஊடகப் பயன்பாட்டிலும் குடும்பம், சாதி, வர்க்கம், பாலினம் ஆகியவற்றின் கட்டுப்பாடுகள் தொடர்வதை விவரிக்கிறது. பணிநேரத்திலும் ஊழியர்கள் வீட்டாருடன் தொடர்பில் இருப்பதால் வேலைக்கும் இல்லத்துக்கும் இடையிலான எல்லை மங்குவதையும் அது சுட்டுகிறது.

ஒரே கைபேசி ஒருவருக்கு விடுதலையாகவும் மற்றவருக்குக் கண்காணிப்பாகவும் அமையக்கூடும். எத்தனை பேரிடம் கைபேசி இருக்கிறது என்ற கணக்கெடுப்பில் இந்த வேறுபாடு புலப்படாது. மக்களுடன் நீண்டகாலம் தங்கி, அவர்கள் சொல்வதையும் செய்வதையும் ஒப்பிட்டுப் பார்க்கும் பழைய மானுடவியல் முறை, புதிய கருவிகளின் காலத்திலும் தேவைப்படுவது இதனால்தான்.