அப்பாவுக்குக் காட்டிய சுருள்

“மங்கலா ஒரு புள்ளி. அதைப் படம் பிடிக்கவா இவ்வளவு செலவு?” தொலைநோக்கி வாங்கிய நாளிலிருந்து அப்பா கேட்கும் கேள்வி இது. போன மே மாதம், அமாவாசை இரவில், அவரையும் காரில் ஏற்றிக்கொண்டு மெர்சிங் கடற்கரைக்குப் போனேன். ஜோகூர் பாருவின் விளக்கொளியில் விண்மீன் மண்டலங்கள் கரைந்துவிடும். இருட்டைத் தேடித்தான் போகவேண்டும்.

அப்பா தோட்டத்தில் மரம் வெட்டியவர். “விடியக்காலையில பெரட்டுக்குப் போறப்ப வானம் பூரா நட்சத்திரம்” என்பார். இப்போது கண் அழுத்த நோயால் பார்வை குறைந்துகொண்டே வருகிறது. அதனால்தான் தள்ளிப்போட மனம் வரவில்லை.

நான் குறிவைத்தது எம்83 என்ற சுருள் விண்மீன் மண்டலம். 1752-இல் நன்னம்பிக்கை முனையிலிருந்து பிரெஞ்சு வானியலாளர் லக்காய் கண்டுபிடித்தது. தூரம் சுமார் ஒன்றரைக் கோடி ஒளியாண்டு. ஐரோப்பாவில் அடிவானத்தை ஒட்டியே தெரியும் இது, நமக்கு மே மாத இரவுகளில் நன்கு உயர்ந்து நிற்கும்.

ஆனால் நமக்கும் ஒரு சிக்கல் உண்டு. பூமி சுழல்வதால் தொலைநோக்கியும் வானத்தோடு சேர்ந்து நகரவேண்டும். அதற்கு அதன் அச்சைத் துருவத்தை நோக்கி வைக்கவேண்டும். துருவ நட்சத்திரமோ இங்கே அடிவானத்தில் மறைந்து கிடக்கிறது. மடிக்கணினியின் உதவியோடு சரிசெய்ய ஒரு மணி நேரம் பிடித்தது.

கேமராவைப் பொருத்துமுன் அப்பாவைப் பார்க்கச் சொன்னேன். “ஒன்னும் தெரியலப்பா” என்றார். எனக்கே ஒரு புகைத்திட்டுதான் தெரிந்தது. நம் கண்ணால் ஒளியைச் சேர்த்துவைக்க முடியாது; கேமராவால் முடியும். மூன்று நிமிடத்துக்கு ஒன்றாக 40 படங்கள் எடுத்தேன். பனி படிந்தும் மேகம் மறைத்தும் கெட்டுப்போனவை 9. மிச்சத்தை வீட்டில் கணினியில் ஒன்றாக அடுக்கினேன்.

நடுவில் மஞ்சளாக முதிய நட்சத்திரங்கள், சுருண்ட கைகளில் நீலமாக இளம் நட்சத்திரங்கள், இடையிடையே புது நட்சத்திரங்கள் பிறக்கும் இளஞ்சிவப்பு ஹைட்ரஜன் மேகங்கள். பெரிய திரையில் போட்டுக் காட்டினேன். அப்பா முகத்தை ஒட்டவைத்து, விரலால் சுருளைத் தடவிக்கொண்டே போனார்.

“இப்பவும் இப்படியேதான் இருக்குமா?”

“தெரியாதுப்பா. இந்த ஒளி கிளம்பினப்ப மனுஷனே பிறக்கல.”

கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: “அடுத்த அமாவாசை எப்போ?”