குறட்டை நோயாளியும் கொரோனா காலப் பல் நாற்காலியும்

2020 மார்ச் 16 அன்று அமெரிக்கப் பல் மருத்துவர் சங்கம் தன் உறுப்பினர்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுத்தது. மூன்று வாரங்களுக்கு அவசர சிகிச்சை மட்டும் பாருங்கள், மற்றதைத் தள்ளிப்போடுங்கள் என்றது. கொரோனாவைப் பெருந்தொற்று என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்து அப்போது ஐந்து நாள்தான் ஆகியிருந்தது. பல் டாக்டர்களின் பயத்தில் நியாயம் இருந்தது. நோயாளி முகக்கவசத்தைக் கழற்றி வாயைத் திறந்தே ஆக வேண்டிய இடம் பல் மருத்துவமனை. போதாததற்குப் பல்லைக் குடையும் ஏரோட்டர் வேறு. நிமிடத்துக்கு மூன்று லட்சம் சுற்றுக்கும் மேல் சுழலும் அது, தண்ணீரையும் எச்சிலையும் நுண்துளிகளாக்கி அறையெங்கும் பரப்பிவிடும்.

பல் சுத்தம் செய்வதையும் சிறு சொத்தையை அடைப்பதையும் சில வாரம் தள்ளிப்போடலாம். ஆனால் தள்ளிப்போட்டவற்றோடு சேர்ந்து, பலர் அதிகம் யோசிக்காத ஒரு சிகிச்சையும் நின்றுபோனது. ஸ்லீப் ஆப்னியா எனப்படும் உறக்க மூச்சுத்தடைக்குப் பல் மருத்துவர் செய்துதரும் வாய்க்கருவி அது.

இந்த நோய்க்குப் பல் டாக்டரிடம் என்ன வேலை என்று கேட்கலாம். தூங்கும்போது தொண்டைத் தசைகள் தளர்கின்றன, நாக்கு பின்னால் சரிகிறது. சிலருக்குக் காற்று போகும் வழி அடைபட்டு, பத்து வினாடியோ அதற்கு மேலோ மூச்சு நின்றுவிடும். ரத்தத்தில் ஆக்சிஜன் குறையும். மூளை உலுக்கி எழுப்ப, பலத்த குறட்டையோடு மூச்சு திரும்பும். முழுத் தடையும் பாதித் தடையும் சேர்த்து மணிக்கு 5 முதல் 15 முறை என்றால் லேசான பாதிப்பு. 30 வரை போனால் நடுத்தரம், அதையும் தாண்டினால் தீவிரம். விடிய விடிய இப்படிப் போராடியவருக்குப் பகலில் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே கண் சொருகும். ரத்த அழுத்தமும் மாத்திரைக்கு அடங்க மறுக்கும்.

இதற்குப் பரவலாகத் தரப்படும் சிகிச்சை சிபேப் மெஷின். மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தத்தோடு செலுத்தித் தொண்டையைத் திறந்தே வைத்திருக்கும். ஆஸ்திரேலியாவின் காலின் சல்லிவன் 1981இல் உலகுக்குச் சொன்ன வழி இது. நன்றாக வேலை செய்யும், ஆனால் முகத்தில் மாஸ்க்கோடு தூங்க முடியாமல் அதைப் பரணில் ஏற்றியவர்கள் ஏராளம். அவர்களுக்கான மாற்றுதான் வாய்க்கருவி. மேல் பல்வரிசைக்கு ஒன்று, கீழ் வரிசைக்கு ஒன்று என இரண்டு உறைகள் இருக்கும். இரண்டும் இணைந்து கீழ்த்தாடையைச் சில மில்லிமீட்டர் முன்னால் இழுத்து நிறுத்தும். தாடையோடு நாக்கும் முன்னே வர, தொண்டையில் இடம் கிடைக்கும்.

பெருந்தொற்று வந்ததும் இந்த இரண்டுக்கும் இடையிலான கணக்கு மாறியது. சிபேப் மாஸ்க்கில் வெளிமூச்சு போகத் துளைகள் உண்டு. நோயாளிக்குக் கொரோனா இருந்தால், அவர் விடும் மூச்சு அந்தத் துளைகள் வழியே அறைக்குள் வேகமாகப் பாயும். இரவு முழுக்கத் தூங்க வைத்து அழுத்தத்தைச் சரிபார்க்கும் உறக்க ஆய்வுக்கூடங்களும் பல இடங்களில் மூடப்பட்டன. மூச்சுத்திணறலோடு வந்தவர்களுக்குக் கொடுக்க ஆஸ்பத்திரிகளுக்கே சிபேப் தேவைப்பட்டது. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜ் பொறியாளர்களும் மெர்சிடிஸ் பந்தயக் கார் எஞ்சின் பிரிவினரும் சேர்ந்து, 100 மணி நேரத்துக்குள் சிபேப் கருவியின் முதல் மாதிரியைச் செய்து முடித்தது அந்த மார்ச்சில்தான். பிறகு 2021 ஜூனில், உள்ளே இருக்கும் ஒலித்தடுப்பு நுரை சிதையக்கூடும் என்று பிலிப்ஸ் நிறுவனம் லட்சக்கணக்கான மெஷின்களைத் திரும்பப் பெற்றது. தட்டுப்பாடு இன்னும் கூடியது.

வாய்க்கருவிக்கு மின்சாரமும் வேண்டாம், குழாயும் வேண்டாம். காற்றையும் ஊதாது. பெருந்தொற்றுக் காலத்தில் இதையே முதல் சிகிச்சையாக எழுதித்தர வேண்டும் என்று அமெரிக்காவின் பல்சார் உறக்க மருத்துவ இதழில் 2020இலேயே ஒரு கட்டுரை வந்தது. எழுதியவர்கள் இந்தக் கருவியைச் செய்துதரும் துறையைச் சேர்ந்தவர்கள் என்பதையும் மனதில் வைத்துத்தான் அதைப் படிக்க வேண்டும். லேசான, நடுத்தர பாதிப்புக்கு அந்த வாதம் பொருந்தும். தீவிர பாதிப்பில் மூச்சுத்தடையைக் குறைப்பதில் சிபேப்தான் முன்னால் நிற்கிறது. தொற்றுக்குப் பயந்து, ஒத்துப்போகும் சிபேப்பை நிறுத்துவது தவறு. தொற்று உள்ளவர் தனியறையில் படுத்து அதைத் தொடர்வதே சரி.

எனக்கு முக்கியமாகப் படுவது வேறொன்று. பல் நாற்காலியில் நடக்கும் வேலைகளில் வாய்க்கருவி செய்துதருவதைப் போலத் தொற்றுக் காலத்துக்குத் தோதானது வேறில்லை. ஏரோட்டர் ஓட வேண்டியதில்லை. நேரில் பார்க்கும் வேலையும் குறைவு.

பாதி வேலை போனிலேயே முடிந்துவிடும். குறட்டை, பகல் அசதி, மூச்சு நிற்பதை யாராவது பார்த்தார்களா, ரத்த அழுத்தம், உடல் எடை, வயது, கழுத்துச் சுற்றளவு, ஆணா பெண்ணா என்ற எட்டு விவரங்களை வைத்து ஆபத்தை எடைபோடும் 'ஸ்டாப்-பாங்' கேள்விப்பட்டியல் இருக்கிறது. வாயைத் திறந்து நாக்கை நீட்டச் சொன்னால் உள்நாக்கு எவ்வளவு தெரிகிறது என்பதும் ஒரு தடயம். இந்தியாவில் பிறந்து பாஸ்டனில் பணியாற்றிய மயக்க மருத்துவர் சேஷகிரி மல்லம்பட்டி 1985இல் மயக்கமருந்து வேலைக்காக வகுத்த அளவுகோல் அது. அவர் பெயர் இன்று பல் டாக்டர் வாயிலும் புழங்குகிறது. இவையெல்லாம் சந்தேகத்தை எழுப்பவே உதவும். நோயை உறுதி செய்ய உறக்கப் பரிசோதனை வேண்டும், அதைப் பார்த்துச் சொல்ல மருத்துவர் வேண்டும். வீட்டுக்கே கொண்டுபோகும் கருவியில் பரிசோதிக்கலாம். ஒருமுறை பயன்படுத்தி எறிவது உத்தமம். இல்லையென்றால் ஒருவரிடமிருந்து திரும்பிய கருவியைக் குறைந்தது 72 மணி நேரம் ஒதுக்கிவைத்து, சுத்தம் செய்து, அதன்பின் அடுத்தவருக்குக் கொடுக்க வேண்டும் என்பது அன்றைய வழிகாட்டல்.

ஆபத்தான கட்டம் பல் அச்சு எடுப்பது. பசை நிரப்பிய தட்டு அண்ணத்தின் பின்பகுதியைத் தொட்டதுமே பலருக்குக் குமட்டும், இருமல் வரும். டாக்டரின் முகம் ஒரு முழ தூரத்தில் இருக்கும். அதனால்தான் வசதி உள்ளவர்கள் வாய்க்குள் விடும் ஸ்கேனருக்கு மாறினார்கள். குமட்டல் குறைவு, லேபுக்குப் போவது கணினிக் கோப்பு மட்டும். பசை அச்சுதான் என்றால் கழுவி, கிருமிநாசினியில் உரிய நேரம் வைத்த பிறகே அனுப்ப வேண்டும். அடுத்து, தாடையை எவ்வளவு முன்னே தள்ள முடிகிறது என்று அளவுகோல் வைத்துப் பார்த்து, அதில் பாதிக்கும் சற்றுக் கூடுதலான இடத்தில் கடிப்பைப் பதிவு செய்வார்கள். கருவி தயாராகி வந்ததும் எங்காவது உறுத்தினால் அதன் அக்ரிலிக் உறையைத் தேய்க்க வேண்டிவரும். அதை நோயாளி பக்கத்தில் வைத்துத் தேய்க்கக் கூடாது. கிருமி நீக்கி, தூசு உறிஞ்சும் வசதியுள்ள தனி இடத்தில் தேய்க்க வேண்டும். தொற்றுக் காலத்தில் என்-95, முகத்தடுப்பு, காற்றோட்டம் மூன்றும் கட்டாயம். முன்கூட்டி வாய் கொப்பளிக்கச் சொல்வது கிருமியைச் சற்று நேரம் குறைக்குமே தவிர, மாஸ்க்குக்கு மாற்றாகாது.

பிறகு மறுபடி போன்தான். கருவியின் திருகைச் சிறிது சிறிதாகத் திருப்பித் தாடையை முன்னே கொண்டுவருவதை, வீடியோவில் டாக்டர் பார்க்க நோயாளியே செய்துகொள்ளலாம். காலையில் தாடை மூட்டில் வலி, பல் கடிப்பில் மாற்றம் என்றால் நேரில் வந்தாக வேண்டும். கருவியைக் கொதிநீரில் போடக் கூடாது, நெளிந்துவிடும். மிதமான சோப்பும் மென்மையான பிரஷும் போதும்.

ஊரடங்கில் ஆன்லைனில் அதிகம் கண்ணில்பட்டது, வெந்நீரில் நனைத்துக் கடித்தால் வடிவம் பெறும் மலிவு உறை. அளவெடுத்துச் செய்த, நகர்த்தக்கூடிய கருவியைத்தான் தகுதியுள்ள பல் மருத்துவர் தர வேண்டும் என்று அமெரிக்க உறக்க மருத்துவ அமைப்புகள் 2015இலேயே சொல்லிவிட்டன. கருவியோடு மறுபடி உறக்கப் பரிசோதனை செய்து பார்க்கவும் சொல்கின்றன. காரணம், குறட்டைச் சத்தம் அடங்கிய பின்னும் மூச்சுத்தடை நீடிக்கலாம்.

தூக்கத்தில் மூச்சு நிற்கிறது என்று வீட்டில் யாராவது சொன்னால், அடுத்த முறை பல் டாக்டரிடம் போகும்போது அதையும் சொல்லுங்கள். பரிசோதனை இல்லாமல் கருவி தருகிறேன் என்பவரிடம் வாங்காதீர்கள்.