வால்வை மாற்றுவதற்கு முன்

திருவிதாங்கூர் அரசின் வானொலி நிலையம் 1943-ஆம் ஆண்டு மார்ச் 12-ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தொடங்கப் பெற்றது. 1950 ஏப்ரல் 1 முதல் அஃது அகில இந்திய வானொலியுடன் இணைந்தது. 1956 நவம்பர் 1-இல் மாநில எல்லை வகுக்கப்பட்டபோது, நெய்யாற்றின்கரையும் பாறசாலையும் கேரளத்திலும், அடுத்துள்ள களியக்காவிளை தமிழகத்திலும் அமைந்தன. எல்லையின் இருபுறமும் தமிழும் மலையாளமும் கலந்து வழங்கும் இவ்வூர்களில், அந்நாளைய வானொலிப் பெட்டிகளும் திருவிழா மைக் செட்டுகளும் வால்வுகளால் இயங்கியவையே.

1947-இல் கண்டுபிடிக்கப்பட்ட டிரான்சிஸ்டர், காலப்போக்கில் வால்வின் இடத்தைப் பற்றிக்கொண்டது. ஆயினும் பழைய ஆம்பிளிபயர் ஒன்று கிடைக்குமாயின், அது பழுதுபார்ப்போர்க்குப் பயிற்சிக் கருவியாகவும், ஆசிரியருக்குப் பாடக் கருவியாகவும் பயன்படும். ரஷ்யா, ஸ்லோவாகியா, சீனா போன்ற சில நாடுகளிலேயே வால்வுகள் இன்று செய்யப்படுகின்றன. எனவே ஒன்றையும் வீணாக்குதல் தகாது.

வால்வு வெந்துபோவது ஏன்?

வால்வினுள் சூடேறிய கேதோடிலிருந்து எலெக்ட்ரான்கள் தகட்டை நோக்கிப் பாய்கின்றன. இடையிலுள்ள கிரிட், கால்வாயின் மதகு போன்றது. கேதோடை நோக்க அது எதிர்மின் அழுத்தத்தில் இருக்கும் வரை ஓட்டம் அளவோடு நிற்கும். முந்தைய வால்வின் தகட்டிலுள்ள உயர் அழுத்தம் கிரிட்டை அடையாதவாறு இணைப்பு மின்தேக்கி தடுக்கிறது.

பழைய காகித மின்தேக்கிகள் ஈரத்தை ஈர்ப்பவை. இரு பருவ மழைகளும் கடற்காற்றும் உள்ள இவ்வட்டாரத்தில் அவை கசியத் தொடங்குவது வியப்பன்று. 10 மைக்ரோ ஆம்பியர் கசிந்து, 470 கிலோ ஓம் கிரிட் மின்தடை வழியே செல்லின், அங்கே 4.7 வோல்ட் நேர்மின் அழுத்தம் தோன்றும். மதகு திறந்துவிடும், தகடு செந்நிறமாகப் பழுக்கும், வால்வு அழியும். இந்நிலையில் புது வால்வைச் செருகினால் அதுவும் அவ்வாறே அழியும். வெந்த வால்வு நோயன்று, நோயின் அறிகுறியே.

செய்ய வேண்டுவன

முதலாவது, உயிர்க்காப்பு. பிளக்கைக் கழற்றிய பின்னரும் வடிகட்டும் மின்தேக்கிகளில் 300 வோல்ட்டிற்கு மேலும் மின்சாரம் தங்கியிருக்கலாம். 10 கிலோ ஓம், 10 வாட் மின்தடை ஒன்றைக் காப்பிட்ட கம்பிகளால் இணைத்து அதனை இறக்க வேண்டும். மீட்டர் சுழியைக் காட்டிய பின்னரே உள்ளே கை வைத்தல் வேண்டும். இயங்கும் நிலையில் அளப்பது பயிற்சி பெற்றோர்க்கே உரியது.

இரண்டாவது, ஸ்பீக்கரை இணைக்காமல் ஆம்பிளிபயரை இயக்கலாகாது. வெளியீட்டு டிரான்ஸ்பார்மர் பழுதாகிவிடும்.

மூன்றாவது, ஐயத்திற்குரிய இணைப்பு மின்தேக்கியை மாற்றுக. அதே கொள்ளளவும், 630 வோல்ட் தாங்கும் ஆற்றலும் உடைய பாலியெஸ்டர் வகை ஏற்றது.

நான்காவது, கண்ணாடியின் உட்புறத்து வெள்ளிப் பூச்சு வெளுத்திருந்தால் காற்றுப் புகுந்துவிட்டது என்று கொள்க, அவ்வால்வு பயன்படாது. கண்ணாடியின் மீது மட்டும் தோன்றும் மெல்லிய நீல ஒளி குற்றமன்று.

ஐந்தாவது, பீடத்தில் பொருந்துவதெல்லாம் மாற்று வால்வு ஆகாது. இசிசி 83, இசிசி 82 இரண்டும் ஒரே பீடத்தில் அமரும். ஆனால் பெருக்கக் கூறு முன்னதற்கு 100, பின்னதற்கு ஏறத்தாழ 17. 6எல்6 வால்வின் இழை 0.9 ஆம்பியர் கொள்ளும். இஎல் 34 வகையோ 1.5 ஆம்பியர் கொள்ளும். கூடுதல் சுமையைப் பழைய டிரான்ஸ்பார்மர் தாங்காமல் போகலாம்.

வகுப்பறைக் கணக்கு

இஎல் 84 வால்வு ஒன்றின் கேதோடில் 270 ஓம் மின்தடை உள்ளது. அதன் இரு முனைகளுக்கிடையே 10.8 வோல்ட் காணப்படுகிறது எனக் கொள்வோம். ஓம் விதிப்படி ஓட்டம் 40 மில்லி ஆம்பியர். திரைக் கிரிட்டின் பங்கு சுமார் 4 போக, தகட்டிற்கு 36. கேதோடுக்கும் தகட்டுக்கும் இடையே 300 வோல்ட் இருப்பின், தகடு ஏற்கும் ஆற்றல் 10.8 வாட். இவ்வால்வின் வரம்பு 12 வாட், ஆதலின் குறையில்லை. விடை வரம்பை மீறுமாயின், உடனே நிறுத்திக் காரணத்தைத் தேடுக.

புது வால்வைப் பொருத்திய பிறகு இக்கணக்கைப் போட்டுப் பார்த்து, நாளும் அளவும் குறித்த சிறு சீட்டொன்றை ஆம்பிளிபயரின் உட்புறம் ஒட்டி வைத்தல் நலம். அடுத்து அதைத் திறப்பவருக்கு அதுவே வழிகாட்டும்.