காற்றடித்த பந்தும் கரிய பூதமும்

பூதம் வருகிற நேரம் பார்த்து, பின்வரிசையில் யாராவது ஒருவர் "டேய், அது அட்டைடா!" என்று கத்திவிட்டால் போதும். அதற்கப்புறம் அந்தப் படம் எழுந்திருக்காது. தோட்டத்துத் திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் பார்த்த உங்களுக்கு இதை நான் சொல்லித் தெரியவேண்டியதில்லை.

குடும்பப் படத்தில் வீடு அட்டையாக இருந்தால் மன்னித்து விடுகிறோம். விண்வெளிப் படத்தில் மட்டும் நம் கண் ஒட்டுப்போட்ட இடத்தைத் தேடுகிறது. ஏன் தெரியுமா? வீட்டை நாம் அறிவோம். குறையை மனமே நிரப்பிக்கொள்ளும். வேற்றுக்கிரகத்தை அறிந்தவர் யார்? முழுக்கச் செய்து காட்டினால்தான் நம்புவோம். பணம் குறுக்கே வந்து நிற்பது அங்கேதான்.

பணமில்லாமல் திண்டாடிய ஒருவரின் கதையைக் கேளுங்கள்.

அமெரிக்காவில், தெற்குக் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தில் சினிமா படித்த ஜான் கார்ப்பென்டரும் டான் ஓ'பானனும் சேர்ந்து 'டார்க் ஸ்டார்' என்றொரு படம் எடுத்தார்கள். 1974இல் வெளிவந்த அந்தப் படத்துக்கு மொத்தச் செலவு ஏறக்குறைய 60,000 டாலர்தான். கார்ப்பென்டர் இயக்கினார். ஓ'பானன் சேர்ந்து கதை எழுதினார், நடித்தார், படத்தை வெட்டி ஒட்டினார், செட்டுக்கும் அவரே பொறுப்பு. கலத்தின் பொத்தான்களுக்கு ஐஸ்கட்டித் தட்டு. விண்வெளி உடுப்பின் மார்புப் பகுதிக்குக் கேக் சுடும் தட்டு. வேற்றுக்கிரகப் பிராணி என்ன தெரியுமா? கடற்கரையில் பிள்ளைகள் உருட்டி விளையாடும் காற்றடித்த பந்து, அடியில் இரண்டு கால்!

சிரிக்க வைக்கத்தான் எடுத்தார்கள். ஆனால் கொட்டகையில் எதிர்பார்த்த சிரிப்பு எழவில்லை. ஓ'பானனுக்கு மனம் நொந்துபோயிற்று. சிரிக்க மறுத்தவர்களை அலற வைத்தால் என்ன என்று எண்ணினார். கலத்துக்குள் ஒளிந்துகொண்டு ஆட்களை ஒவ்வொருவராய்க் கொல்லும் ஒரு பிராணியை வைத்து, நண்பர் ரொனால்ட் ஷுசெட்டோடு சேர்ந்து புதுக் கதை கட்டினார். அதுதான் 'ஏலியன்'.

இதற்கிடையே, 1977இல், சுமார் 11 மில்லியன் டாலர் செலவில் 'ஸ்டார் வார்ஸ்' வந்தது. 1968இல் வந்த '2001' படத்தின் கலத்துக்குள் எல்லாம் ஆஸ்பத்திரி போல வெள்ளை வெளேரென்று இருக்கும். ஸ்டார் வார்ஸ் இயக்குநர் ஜார்ஜ் லூக்காஸ் கேட்டதோ அழுக்கு. செட்டுக்குச் சாமான் சேர்த்த ரோஜர் கிறிஸ்டியன், பழைய விமானங்களின் உடைசல்களை மலிவாக வாங்கிவந்து கலத்தின் உட்புறத்தில் பொருத்தினார். இரசிகர்கள் அதைத்தான் நம்பினார்கள், ஓடித் தேய்ந்த வண்டி என்று!

அந்த வெற்றியைப் பார்த்த ஃபாக்ஸ் நிறுவனம் ஓ'பானனின் கதையைக் கையிலெடுத்தது. முதலில் ஒதுக்கியது 4.2 மில்லியன் டாலர். இயக்குநர் ரிட்லி ஸ்காட் காட்சி காட்சியாகத் தம் கையாலேயே வரைந்து காட்டினார். சித்திரங்களைப் பார்த்த முதலாளிகள் தொகையை 8.4 மில்லியனாக்கினார்கள். பென்சிலுக்குக் கிடைத்த கூலி என்றே சொல்வேன்.

ரோஜர் கிறிஸ்டியன் இந்தப் படத்துக்கும் வந்துவிட்டார். 'நாஸ்ட்ரோமோ' என்ற அந்தக் கலம் வானத்தில் சரக்கு இழுக்கும் ஒரு லாரி, அவ்வளவுதான். குழாயில் ஆவி கசியும், சங்கிலி தொங்கும், நீர் சொட்டும். கீழ்த்தட்டில் வேலை செய்யும் இருவர், மேலே உள்ளவர்களுக்கு மட்டும் முழுப் பங்கா என்று போனஸுக்குச் சண்டை பிடிப்பார்கள். அதைக் கேட்டதும் அந்தக் கலம் நமக்குத் தெரிந்த இடமாகி விடுகிறதே!

அத்தனை பணமும் போதவில்லை. பிரம்மாண்டமான அந்நியக் கலத்தை இன்னும் பெரிதாகக் காட்ட, ஸ்காட் தம் பிள்ளைகளுக்குச் சின்ன விண்வெளி உடுப்பு போட்டு நடக்கவிட்டார். முகத்தில் ஒட்டும் பிராணியை அறுத்துப் பார்க்கும் காட்சியில் நீங்கள் காண்பது சிப்பியும் ஆட்டுக் குண்டிக்காயும்! பெரிய பூதத்தின் உருவத்தை வரைந்தவர் சுவிட்சர்லாந்து ஓவியர் கீகர். அந்த உடுப்புக்குள் நின்றவர் போலாஜி படேஜோ என்ற நெட்டையான நைஜீரிய இளைஞர். அவரை ஸ்காட் இருட்டிலும் புகையிலும் கொஞ்சம் கொஞ்சமாகவே காட்டினார். "உள்ளே ஆளுடா" என்று கத்த யாருக்கும் நேரம் கொடுக்கவில்லை.

1979இல் படம் வந்தது. கொட்டகைகளில் மக்கள் அலறினார்கள். காட்சித் தந்திரங்களுக்காக அடுத்த ஆண்டே ஆஸ்கார் பரிசும் கிடைத்தது.

ஓ'பானன் 2009இல் காலமானார். இன்று அந்தப் பந்துக்கும் தனி இரசிகர் கூட்டம் உண்டு. அதன் ஏழ்மையையே கொண்டாடுகிறார்கள். எனக்கும் அதைக் கண்டால் சிரிப்பு பொங்குகிறது, 1974இல் வந்திருக்கவேண்டிய சிரிப்பு.

முடிந்தால் இரண்டையும் அடுத்தடுத்த இரவுகளில் பாருங்கள். பந்து முதலில் இருக்கட்டும். இரண்டாவது படத்துக்கு முன்னால் பிள்ளைகளைத் தூங்க வைத்துவிடுங்கள்.