இளங் குடும்பமும் தானியங்கிக் காரும்



மாடு வாங்கச் சந்தைக்குச் செல்லும் கமக்காரன் அதன் நிறத்தைக் கண்டோ கொம்பின் வளைவைக் கண்டோ மயங்குவதில்லை. வாயைத் திறந்து பல்லைப் பார்ப்பான்; சுழி பார்ப்பான்; சிறிது தூரம் நடத்தியும் பார்ப்பான். ஓர் ஏர்மாட்டுக்கே இத்துணை ஆராய்ச்சி வேண்டுமாயின், பல ஆண்டுச் சேமிப்பையும், இனிமேல் கட்டவேண்டிய கடனையும் ஈடாக வைத்து வாங்கும் காருக்கு எத்துணை ஆராய்ச்சி வேண்டும்! ஆயினும், காரின் வர்ணத்தையும் இருக்கையின் உறையையும் பார்த்த மாத்திரத்தே முற்பணம் கொடுத்துவிடுவோர் நம்மிடையே பலர்.

சிறு குழந்தையுள்ள ஓர் இளங் குடும்பம், தன் வருவாய்க்கு ஏற்ற பழைய தானியங்கிக் காரொன்றைத் தெரிவு செய்யும் முறையை இன்றைய பேச்சில் எடுத்துக் கூற விழைகிறேன். கிளச்சை மிதித்துக் கையால் கியர் மாற்றும் வேலையை ஓட்டுபவருக்கு வைக்காது, தானே அதனைச் செய்துகொள்வது தானியங்கிக் கார். ‘ஒட்டோ கியர்’ என்று பேச்சு வழக்கிற் கூறுவோம். கணவனும் மனைவியும் வேலைக்குச் செல்லும் வீட்டிலே, இருவரும் எளிதிற் பழகி ஓட்டக்கூடிய வண்டி அதுவே. காலி வீதியின் மாலை நெரிசலில் ஒரு மணி நேரம் ஊர்ந்தவர்களுக்கு அதன் அருமையை நான் விரித்துரைக்க வேண்டியதில்லை.

நமது சந்தையின் நிலையையும் முதலில் உணர்ந்துகொள்ள வேண்டும். 2020 ஆம் ஆண்டு மார்ச்சில் நாட்டின் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டது. தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியிலேதான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட காலத்தில் முன்னர் வந்த கார்களே கைமாறிக் கைமாறி ஓடின. ஆகவே, நடுத்தரக் குடும்பத்தின் கைக்கு எட்டும் விலையிற் கிடைப்பவற்றுட் பல, யப்பானிற் சில காலம் ஓடி, இங்கு வந்தும் பல்லாண்டு உழைத்த வண்டிகளே. எனவே, வயது சென்றவற்றுள்ளும் உடல்நலம் உள்ளதை இனங்காண்பதே வாங்குவோரின் பணியாகும்.

இவ்விடத்தில் நான் வற்புறுத்த விரும்பும் கருத்து ஒன்றுண்டு. பழைய தானியங்கிக் காரை வாங்குபவர் உண்மையில் வாங்குவது அதன் கியர்ப்பெட்டியையே. ரயர் தேய்ந்தால் ரயரை மாற்றலாம்; பிறேக் தேய்ந்தால் பிறேக்கைத் திருத்தலாம். இவை சிறுகச் சிறுக வரும் செலவுகள். கியர்ப்பெட்டி பழுதுற்றாலோ, பல மாதச் சம்பளத்தை ஒரே நாளிற் கேட்டு நிற்கும். ஆகவே, எந்த நிறுவனத்தின் கார் என்று கேட்பதற்கு முன்னர், எவ்வகைக் கியர்ப்பெட்டி என்று கேட்கப் பழகுதல் வேண்டும். இதனை விளங்கிக்கொள்வதற்குப் பொறியியல் கற்றிருக்க வேண்டியதில்லை. பெரும்பாலும் நாம் சந்திப்பவை ஐந்து வகைகளே.

முதலாவது வகை, எண்ணெயின் வழியே விசையைக் கடத்துவது. இரண்டு மின்விசிறிகளை எதிரெதிரே வைத்து ஒன்றை மாத்திரம் இயக்கினால், அதன் காற்றினால் மற்றையதும் சுழலத் தொடங்கும் அன்றோ? இங்கே காற்றின் இடத்தில் எண்ணெய் நிற்கின்றது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1940 ஆம் ஆண்டு மாதிரி ஓல்ட்ஸ்மொபில் கார்களில் இதன் முன்னோடியைப் பொருத்தியது. அன்று முதல் தேறி வந்த முறையாதலின் இது உறுதி வாய்ந்தது. 1999 இல் வெளிவந்த முதலாம் தலைமுறை ரொயோட்டா விட்ஸ், மலேசியாவின் பெரடுவா விவா எலைட், 2014 இல் வந்த பெரடுவா அக்ஸியா ஆகியவற்றின் தானியங்கி வண்டிகளில் இவ்வகையின் நான்கு வேகக் கியர்ப்பெட்டியைக் காணலாம். பெற்றோல் சற்றுக் கூடுதலாகச் செலவாகும். ஆனால், இதனைத் திருத்தத் தெரிந்த கராஜ்காரர் பலருளர்.

இரண்டாவது வகையிற் பற்சக்கரப் படிகளுக்குப் பதிலாக இரு கப்பிகளும் அவற்றைச் சுற்றி ஓடும் ஒரு பட்டியும் உண்டு. கப்பிகள் விரிந்தும் சுருங்கியும் வேகத்தை மாற்றுவதால், கியர் மாறுவதே தெரியாது. வழுக்கிச் செல்வது போலிருக்கும். 1958 இல் நெதர்லாந்தின் டாஃப் நிறுவனம் இதனை றப்பர்ப் பட்டியுடன் சிறு காரொன்றில் அறிமுகப்படுத்தியது. இக்காலத்துக் கார்களில் இருப்பது உருக்குப் பட்டி. பிற்கால விட்ஸ் கார்களிற் பெரும்பாலானவையும், நம் வீதிகளில் எங்கும் காணப்படும் சுசுக்கி வகன் ஆர் காரும் இவ்வகையின. இதன் உயிர் அதன் எண்ணெயிலே உள்ளது. நாற்பதாயிரம் கிலோமீற்றருக்கு ஒருமுறையேனும், தயாரிப்பாளர் குறித்த அதே இன எண்ணெயை மாற்றுதல் நல்ல வழக்கம். முதல் வகைக்குரிய எண்ணெயை இதனுள் ஊற்றினால் பட்டி வழுக்கிக் கப்பியின் முகம் கீறப்படும். ஆதலால், எண்ணெய் மாற்றியதற்குப் பற்றுச்சீட்டு இல்லாத வண்டியை ஐயத்துடனேயே நோக்குக.

மூன்றாவது வகை ரொயோட்டா அக்குவா போன்ற ஹைபிரிட் கார்களுக்கு உரியது. இதில் அறுந்துபோகப் பட்டியும் இல்லை; தேய்ந்துபோகக் கிளச்சும் இல்லை. எஞ்சினும் இரண்டு மின்மோட்டர்களும் ஒரு கோள்சக்கரத் தொகுதியால் இணைக்கப்பட்டுள்ளன. 1997 இல் பிரியஸ் காருடன் வந்த இம்முறையே, 2011 இறுதியில் வெளிவந்த அக்குவாவிலும் உள்ளது. இங்கு ஆராய வேண்டியது கியர்ப்பெட்டியை விடப் பற்றறியையே. அது பின்னிருக்கையின் கீழ் உள்ளது. இருக்கையோரத்திலுள்ள காற்றுத் துவாரத்தின் வழியே குளிர்ச்சி பெறுகின்றது. அத்துவாரம் தூசியால் அடைபட்டாலும், குழந்தையின் துணிகளை அங்கு குவித்து வைத்தாலும் பற்றறி சூடேறி விரைவிற் கெடும். வாங்குமுன், ஒவ்வொரு கலத்தொகுதியின் அழுத்தத்தையும் கணினிக் கருவியால் அளந்து பார்த்தல் இன்றியமையாதது.

நான்காவது, இரட்டைக் கிளச்சு வகை. 2013 இல் வந்த ஹொண்டா ஃபிட் ஹைபிரிட் இதற்கு உதாரணம். விரைவும் சிக்கனமும் உடையதே. ஆனால், தொடக்க ஆண்டுகளில் இதன் கட்டுப்பாட்டு மென்பொருளைத் திருத்துவதற்காகத் தயாரிப்பாளரே யப்பானில் வண்டிகளைப் பன்முறை திரும்ப அழைத்தனர். அத்திருத்தங்கள் செய்யப்பட்டனவா என்று அறிந்த பின்னரே விலை பேசல் வேண்டும். நெரிசலில் ஊர்ந்து ஊர்ந்து செல்வோருக்கு இது அத்துணை உகந்ததன்று.

ஐந்தாவது, சாதாரணக் கியர்ப்பெட்டிக்கு ஓர் இயந்திரக் கையைப் பூட்டியது போன்றது. கிளச்சை மிதிப்பதும் கியரைத் தள்ளுவதும் அந்தக் கையின் வேலை. 2014 முதல் சுசுக்கியின் செலேரியோ, அல்டோ கார்களில் வந்தது. விலை குறைவு, செலவும் குறைவு. ஆனால், கியர் மாறும்போது வண்டி சிறிது தலையசைக்கும். ஏற்றத்தில் பின்னோக்கி நழுவவுங் கூடும். ஏற்றத்தில் அக்சிலேற்றரை மிதித்தபடியே வண்டியை நிறுத்தி வைப்பவரிடம் இதன் கிளச் நெடுநாள் தங்காது.

இவற்றுள் எதைத் தெரிவது? பணம் குறைவு, ஓட்டமும் குறைவு எனில், முதல் வகையைச் சேர்ந்த சிறு கார் போதும். நாள்தோறும் நெடுந்தூரம் செல்வோருக்கு, பற்றறி நன்றாக உள்ள அக்குவா பெற்றோற் செலவை மீதப்படுத்தும். வகன் ஆர் காரின் உயரமும் அகலத் திறக்கும் கதவும் குழந்தையைத் தூக்கி வைக்க வசதியானவை. எனினும், அது யப்பானின் 660 கன சென்ரிமீற்றர்ச் சிறுகார் வகுப்பைச் சேர்ந்தது, நால்வருக்கென்றே அமைந்தது. அம்மம்மாவும் அப்பாவும் உடன் வரும் குடும்பம் இதனை முன்னரே எண்ணிப் பார்க்க வேண்டும்.

இனி, பார்க்கும் முறை. எஞ்சின் குளிர்ந்திருக்கும் காலை வேளையிற் செல்லுங்கள்; முன்னதாகவே இயக்கிச் சூடாக்கி வைக்க வேண்டாமென விற்பவரிடம் கூறிவிடுங்கள். பிறேக்கை மிதித்துக்கொண்டு கியரை முன்செல்லும் நிலைக்கும் பின்செல்லும் நிலைக்கும் மாற்றிப் பாருங்கள். இரண்டு செக்கனுக்கு மேல் தாமதித்தாலும், அடித்தது போன்ற உதறல் எழுந்தாலும் அது நல்ல குறியன்று. எண்ணெய் பார்க்கும் கோல் உள்ள வண்டியாயின் அதனைத் துடைத்துப் பாருங்கள். கருமையும் கருகிய மணமும் நோயின் அறிகுறிகள். பின்னர், அரை மணி நேரமேனும் ஓட்டிப் பார்த்தல் வேண்டும். சமதரையான யாழ்ப்பாணத்திலே மறைந்து கிடக்கும் குற்றம், கடுகண்ணாவை ஏற்றத்திலே வெளிப்பட்டுவிடும். மலையில்லாத ஊரவர், ஆட்களை ஏற்றிக்கொண்டு பாலத்து ஏற்றமொன்றில் நிறுத்திப் புறப்பட்டுப் பார்க்கலாம். எஞ்சின் இரைந்தும் வேகம் கூடாவிட்டால் உள்ளே ஏதோ வழுக்குகின்றது என்பதே பொருள்.

ஓடிய தூரத்தைக் காட்டும் மானியை மாத்திரம் நம்பற்க. அது மனிதர் கையால் மாற்றக்கூடியது. தேய்ந்த மிதிபடியும் மழமழத்த சுக்கானும் பொய் சொல்வதில்லை. யப்பானிய ஏலத்தாள் இருப்பின் அதிலுள்ள தூரத்தை ஒப்பிடுக. அதிற் குறித்த தரம் ‘ஆர்’ என்ற எழுத்தாயின், விபத்துக்குப் பின் திருத்தப்பட்ட வண்டி என அறிக. ரயரின் ஓரத்தில் நான்கு இலக்கங்கள் பொறிக்கப்பட்டிருக்கும். 2319 என்றிருந்தால், 2019 ஆம் ஆண்டின் 23 ஆம் வாரத்திற் செய்யப்பட்டது என்பது கருத்து.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டிகளைப் பற்றியும் விழிப்பு வேண்டும். 2016 மேயிற் கொழும்பைச் சூழ்ந்த வெள்ளத்தையும், 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் கொணர்ந்த பெருவெள்ளத்தையும் நாம் மறந்துவிடவில்லை. நனைந்த கார்கள் கழுவித் துடைக்கப்பட்டு மீண்டும் விற்பனைக்கு வரலாம். இருக்கைப் பட்டியை இறுதிவரை இழுத்துப் பாருங்கள். சேற்றின் கோடு அங்கே தங்கியிருக்கும். மேலதிகச் சில்லு வைக்கும் குழியையும், இருக்கையின் கீழுள்ள இரும்புத் தண்டுகளின் துருவையும் பார்க்கத் தவறாதீர்கள்.

அடுத்து, ஆவணங்கள். பதிவுச் சான்றிதழிலுள்ள அடிச்சட்ட இலக்கமும் எஞ்சின் இலக்கமும் வண்டியில் உள்ளவற்றுடன் பொருந்த வேண்டும். பதியப்பட்ட ஆண்டு வேறு, உற்பத்தியான ஆண்டு வேறு. விற்பவர் பிந்தியதை எடுத்துச் சொல்வார். நீங்கள் முந்தியதைக் கேளுங்கள். லீசிங் நிறுவனத்தின் பெயர் சான்றிதழில் இருந்தால், அக்கடன் தீர்ந்து பெயர் நீக்கப்படும்வரை முழுப்பணத்தையும் கொடுக்கற்க.

நேயர்களே, இதுவரை பணத்தைக் காக்கும் வழியைப் பேசினோம். குழந்தையைக் காப்பது அதனினும் பெரிது. பத்துக் கிலோ நிறையுள்ள குழந்தை, மணிக்கு 50 கிலோமீற்றர் வேகத்திற் செல்லும் கார் மோதி நிற்கும் அக்கணத்தில், நூறு கிலோவுக்கும் மேற்பட்ட சுமையாகித் தாயின் கைகளைப் பிரித்துக்கொண்டு பறக்கும். எத்தாயின் அன்பும் அவ்விசையைத் தாங்க வல்லதன்று. ஆகவே, பின்னிருக்கையில் மூன்று இடத்திற் பூட்டும் பட்டியும், குழந்தை ஆசனத்தைக் கொளுவும் ஐசோஃபிக்ஸ் இரும்பு வளையங்களும் உள்ளனவா எனத் தேடுங்கள். ஐக்கிய நாடுகளின் 129 ஆம் இலக்க விதி, பதினைந்து மாதம் நிறையும்வரையேனும் குழந்தை பின்னோக்கி இருக்க வேண்டுமென்கிறது. காற்றுப்பை உள்ள முன்னிருக்கையில் அவ்வாசனத்தை ஒருபோதும் வைத்தலாகாது.

காற்றுப்பையிலும் ஓர் ஆபத்து மறைந்திருக்கலாம். யப்பானின் தக்காதா நிறுவனம் செய்த காற்றுப்பைகளின் வெடிமருந்து, நெடுங்காலம் வெப்பத்துக்கும் ஈரத்துக்கும் உட்பட்டால் கெட்டு, விபத்தின்போது உலோகத் துண்டுகளைச் சிதறச் செய்தது. பல நாடுகளில் உயிர்கள் பலியாயின; கோடிக்கணக்கான வண்டிகள் திரும்ப அழைக்கப்பட்டன; 2017 இல் அந்நிறுவனம் முறிவடைந்தது. வெப்பமும் ஈரமும் நம் நாட்டிற் குறைவா? ரொயோட்டா, ஹொண்டா, நிசான் முதலிய பல நிறுவனங்களின் கார்கள் இதில் அடங்கின. ஆதலின், அடிச்சட்ட இலக்கத்தைக் கொடுத்து, அந்தக் காருக்கு அத்திருத்தம் செய்யப்பட்டதா என முகவரிடம் விசாரிப்பது கடமையாகும்.

ஹைபிரிட் கார் வாங்குவோருக்கு மற்றுமொரு சொல். நின்றிருக்கும்போது அதன் எஞ்சின் ஓசை கேளாது. நிறுத்திவிட்டோம் என்றெண்ணிக் குழந்தையை உள்ளே விட்டு இறங்குவோர் உண்டு. கியரைத் தரிப்பு நிலையிற் போட்டுக் கைப்பிறேக்கை இழுத்து, இயக்கத்தை அணைத்து விட்டோமா எனக் கண்ணாற் பார்த்த பின்னரே இறங்கும் பழக்கம் வேண்டும்.

இறுதியாக, பணத்தைப் பங்கிடும் முறை. கையிலுள்ள பணம் முழுவதையும் விலையாகக் கொடுத்துவிடாது, பத்தில் ஒரு பங்கையேனும் ஒதுக்கி வையுங்கள். முதல் ஆண்டிலேயே கியர் எண்ணெயும் ரயரும் பற்றறியும் காப்புறுதியும் அதனைக் கேட்கும். கடன் பெறுவோர் மாதத் தவணையை மாத்திரம் பாராது, தவணைகள் யாவற்றையும் கூட்டி, அக்காரின் உண்மை விலை யாது என்பதைக் கணக்கிட வேண்டும். நம்பிக்கையான கராஜ்காரர் ஒருவருக்குப் பரிசோதனைக் கூலி கொடுக்கத் தயங்கற்க. ‘இதனை வாங்க வேண்டாம்’ என்று அவர் சொல்லும் ஒரு வார்த்தை, அக்கூலியைப் போற் பன்மடங்கு பெறுமதியுடையது.

நல்ல கார் இன்று அகப்படாவிட்டால் அடுத்த மாதம் அகப்படும். அவசரத்தில் வாங்கிய வண்டியோ, குழந்தையின் பாலுக்கும் படிப்புக்கும் உரிய பணத்தைப் பல்லாண்டு தின்றுகொண்டிருக்கும். கியர்ப்பெட்டியின் வகையறிந்து, வண்டியின் வரலாறறிந்து, பின்னிருக்கையில் அமரப்போகும் சிறு உயிரை நினைவில் இருத்தி விலை பேசுங்கள்.