முத்திரைக்கு அடங்கிய மன்னர்

அதிகாரமற்ற பதவியில் இருப்பவரை 'ரப்பர் ஸ்டாம்பு' என்று ஏளனமாகக் குறிப்பிடுவது நம் நாட்டு அரசியல் பேச்சில் வழக்கமாகிவிட்டது. பேச்சளவில் அன்றி, மெய்யாகவே தம் கையெழுத்தை ஒரு முத்திரையிடம் பறிகொடுத்த அரசர் ஒருவர் இருந்தார். 1751 முதல் 1771 வரை ஸ்வீடன் நாட்டின் அரியணையில் அமர்ந்திருந்த அடால்ப் பிரெடரிக்கே அவர். அவருடைய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

1710-ஆம் ஆண்டில் ஜெர்மானியச் சிற்றரசர் குடும்பம் ஒன்றில் பிறந்த அவருக்கு, ஸ்வீடன் முடி வீரத்தால் வந்ததன்று. ருஷ்யாவுடன் பொருது தோற்ற ஸ்வீடன், 1743-இல் சமாதானம் நாடியது. தமக்கு வேண்டியவரான இவரைப் பட்டத்து இளவரசராக ஏற்றால், கைப்பற்றிய பின்லாந்தின் பெரும்பகுதியைத் திருப்பித் தருவதற்கு ருஷ்யப் பேரரசி எலிசபெத் இசைந்தார். அவ்வாறே தேர்தலும் நடந்தேறியது.

அந்நாட்டில் அப்போது அரசன் ஆளவில்லை. போரையே வாழ்வாகக் கொண்ட பன்னிரண்டாம் சார்லஸ் 1718-இல் மாண்டபின், களைத்துப்போன நாடு முடியின் அதிகாரத்தைக் குறைத்துவிட்டது. பிரபுக்கள், குருமார், நகரத்தார், குடியானவர் என்னும் நான்கு வகுப்பாரின் சபையே ஆட்சியை நடத்தியது. ஆலோசனை சபையில் மன்னருக்கு இரண்டு வாக்குகள் உண்டு. பெரும்பான்மை எதிராக இருப்பின் அவர் பணிந்தே ஆகவேண்டும்.

சாந்த குணமுடைய மன்னர் இதைப் பொறுத்தார்; அரசியார் பொறுக்கவில்லை. அவர், பிரஷ்யாவின் மாமன்னர் பிரெடரிக்கின் தங்கை லூயிசா உல்ரிகா. முடியின் அதிகாரத்தை மீட்க 1756-இல் அவர் வகுத்த சதி வெளிப்பட்டது. துணைநின்ற பிரபுக்கள் சிலரின் தலைகள் துண்டிக்கப்பட்டன. மன்னர் கையெழுத்திட மறுப்பாராயின், அவர் பெயர் பொறித்த முத்திரையைக் குத்திக்கொள்ளலாம் என்று சபை முடிவு செய்ததும் அவ்வாண்டிலேயே. அரசரோ கடைசல் பட்டறையில் பொடி டப்பாக்கள் கடைந்து பொழுதைப் போக்கினார்.

ஆயினும் இக்காலத்தை இருண்ட காலம் என்று நாம் தள்ளிவிடலாகாது. உலகிலேயே முதன்முதலாகப் பத்திரிகைச் சுதந்திரத்துக்கென ஒரு சட்டம் இயற்றப்பட்டது, 1766-இல் இவர் ஆட்சியிலேதான்.

1768 டிசம்பரில் எதிர்பாராதது நிகழ்ந்தது. நாடு பொருளாதார நெருக்கடியில் தத்தளித்தது. நான்கு வகுப்பாரின் சபையைக் கூட்டுமாறு மன்னர் கேட்டார். ஆலோசனை சபை மறுத்தது. "அப்படியாயின் நான் அரசன் அல்லேன்" என்னும் கருத்துப்பட முடியைத் துறந்து ஒதுங்கினார் அவர். முத்திரை இருக்கிறதே, ஆட்சி நடந்துவிடும் என்று எண்ணினர் சபையினர். ஆனால் அரசாங்க அலுவலகங்கள் அவ்வாணைகளை ஏற்க மறுத்துவிட்டன! சில நாட்களிலேயே சபையினர் பணிந்தனர், மன்னர் மீண்டார். பன்னிரண்டு ஆண்டுகளாக அவர் கைக்கு ஈடாக நின்ற முத்திரை, அவர் விலகியதும் வெறும் உலோகத் துண்டாயிற்று.

எனினும் 1769-இல் கூடிய சபை அவருடைய அதிகாரத்தை உயர்த்தவில்லை. 1771 பிப்ரவரி 12-ஆம் நாள், பெருவிருந்து ஒன்றை உண்டபின் அவர் உயிர் நீத்தார். 'உண்டே இறந்த மன்னர்' என்று உலகம் இன்றும் நகைக்கிறது.

மறு ஆண்டு ஆகஸ்டு மாதம் அவர் மைந்தர் மூன்றாம் குஸ்தாவ், படையின் துணைகொண்டு, இரத்தம் சிந்தாமலே சபையின் ஆட்சிக்கு முடிவு கட்டினார். பிரான்சிடமும் ருஷ்யாவிடமும் பணம் பெற்றுக் கட்சி நடத்தியவர்கள் மக்களின் மதிப்பை முன்னமே இழந்திருந்தனர்.

வலிமையற்ற மன்னரால் ஸ்வீடனின் சுதந்திரம் கெடவில்லை. அதைக் காக்கவேண்டியவர்கள் விலைபோனதாலேயே கெட்டது. அடால்ப் பிரெடரிக்கின் விருந்தைக் கண்டு நகைப்போர் இதனையும் சிந்திப்பாராக.